சல்லடையில் விழுந்த எண்கள்

ஒரு மழைமானியின் ஒரு வாரக் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 12.4, 0, வெற்றுக் கட்டம், 2.5, 31, ட்ரேஸ், 0.6. எல்லாம் மில்லிமீட்டரில். மூன்றாம் நாள் காலியாக இருப்பதற்குக் காரணம், அன்று யாரும் அளவெடுக்கவில்லை. ஆறாம் நாளில் உள்ள 'ட்ரேஸ்' வானிலைக்காரர்களின் வழக்கு: தூறியது, ஆனால் அளவுக்குழாயில் படிக்கும்படி தண்ணீர் சேரவில்லை. கூட்டும்போது அதைப் பூஜ்ஜியமாகக் கொள்வார்கள். இந்த ஏழு பதிவுகளும் ஒரு சிஎஸ்வி கோப்பிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள் ஸ்ட்ரிங்குகளாக, அதாவது வெறும் எழுத்துகளாக, வந்து சேர்கின்றன. நாள் ஒன்றுக்குச் சராசரி மழை எவ்வளவு?

இன்றைய நிரலர் இதற்கு நாலைந்து வரிக்கு மேல் எழுதமாட்டார். மேப் வைத்து ஒவ்வொன்றையும் எண்ணாக்குவார். ஃபில்டர் வைத்து வேண்டாததைக் கழிப்பார். ரெட்யூஸ் வைத்துக் கூட்டுவார். எஞ்சியவற்றின் எண்ணிக்கையால் வகுப்பார். படிக்க இதமாக இருக்கும். ஆனால் இதையே மூன்று பேர் எழுதினால் 7.75, 9.3, 11.625 என்று மூன்று விடைகள் வரக்கூடும். மூன்றில் எதிலும் பிழைச்செய்தி வராது.

முதலாமவர் நம்பர் என்ற ஃபங்ஷனால் எண்ணாக்குகிறார். வெற்று ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் அது பூஜ்ஜியம் தரும். அளவெடுக்காத நாள் மழை இல்லாத நாளாகிவிடுகிறது. 'ட்ரேஸ்' நேன் ஆகிறது. எண்ணாக்க முடியாததைக் குறிக்க மொழி வைத்திருக்கும் தனி மதிப்பு அது. ஃபில்டர் அதைக் கழித்துவிடுகிறது. மொத்தம் 46.5, வகுப்பது ஆறால், விடை 7.75. இரண்டாமவர் பார்ஸ்ஃப்ளோட்டைக் கையாள்கிறார். அதற்கு வெற்று ஸ்ட்ரிங்கும் நேன்தான். காலி நாளும் தூறல் நாளும் சேர்ந்தே கழிந்துபோக, ஐந்தால் வகுத்து 9.3 பெறுகிறார். மூன்றாமவர் நம்பரால் எண்ணாக்கிவிட்டு, ஃபில்டரின் அடைப்புக்குள் பூலியன் என்று ஒரே சொல்லை எழுதுகிறார். குப்பையைத் தள்ள ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பரவலாகப் புழங்கும் சுருக்கம் அது. நேன் போகும், மதிப்பில்லை என்பதைக் குறிக்கும் 'நல்' போகும், வெற்று ஸ்ட்ரிங் போகும். கூடவே பூஜ்ஜியமும் போகும். மழை பெய்யாத நாள் என்று ஒன்று அந்த வாரத்தில் இருந்ததே தெரியாது. நான்கால் வகுத்து 11.625.

சரியான விடை? அளவெடுக்காத நாளை விலக்கி, தூறல் நாளைப் பூஜ்ஜியமாகச் சேர்த்தால் வகுக்க வேண்டியது ஆறால். விடை 7.75. ஆக, முதலாமவர் இரண்டு தவறுகள் செய்து சரியான இடத்துக்கு வந்திருக்கிறார். சேர்க்கக் கூடாததைச் சேர்த்தார், கழிக்கக் கூடாததைக் கழித்தார், ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டது. இந்த வாரத் தரவை வைத்துச் சோதனை எழுதினால் அவருடைய நிரல் தேறிவிடும். இரண்டு கட்டங்கள் காலியாக உள்ள வாரம் ஒன்று வந்தால் கவிழும். மூன்று விடைகளிலும் எனக்கு அச்சம் தருவது இதுதான்.

மேப், ஃபில்டர், ரெட்யூஸ் என்று கோத்து எழுதும் இந்த நடையைப் பற்றி என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதை எடுத்துக்கொண்டோம் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் முறை ஜாவாஸ்கிரிப்டில் வேறு இல்லை. எதை விட்டோம் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. சல்லடையில் நின்றதை மட்டும் கையில் கொடுத்துவிட்டுக் கீழே விழுந்ததைக் கண்ணில் காட்டாமல் கொட்டிவிடுகிறது. எண்களைப் பொறுத்தவரை கீழே விழுந்ததற்கும் கணக்கு உண்டு.

இந்த நடை வந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப்பில் பத்து நாட்களில் உருவாக்கிய முதல் வடிவத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு, எண் பட்டியலைக் கையாள ஃபார் லூப்தான் கதி. ஐ என்று ஒரு மாறி, அதன் தொடக்கம், அதன் எல்லை, அதன் ஏற்றம். சிறியதா என்று ஒப்பிட வேண்டிய இடத்தில் சிறியது அல்லது சமம் என்று எழுதிவிட்டால் பட்டியலுக்கு வெளியே ஓர் அடி. 2005இல் ஃபயர்பாக்ஸ் 1.5 ஃபில்டரையும் மேப்பையும் கொண்டுவந்தது. 2009 டிசம்பரில் வெளியான எக்மாஸ்கிரிப்ட் ஐந்தாம் பதிப்பு ரெட்யூஸையும் சேர்த்து எல்லாவற்றையும் தரநிலையாக்கியது. கருத்து அதைவிட மிகப் பழையது. லிஸ்ப் மொழியில் மேப்கார் உண்டு. ஸ்மால்டாக்கில் செலக்ட், கலெக்ட் என்ற பெயர்களில் இவையே இருந்தன. பட்டியலை ஒரே மதிப்பாக ஒடுக்குவதை கென்னத் ஐவர்சன் 1962இல் வெளியிட்ட நூலிலேயே ஒரு குறியாக எழுதிக்காட்டினார். ஜாவாஸ்கிரிப்டில் இந்த நடை ஊரெங்கும் பரவியது 2015க்குப் பிறகு. அந்த ஆண்டின் பதிப்பில் வந்த அம்புக்குறி ஃபங்ஷன்தான் காரணம். அதற்கு முன் எண்ணை இரட்டிப்பாக்க ஃபங்ஷன், ரிட்டர்ன், நெளிவடைப்பு என்று ஒரு முழ நீளத்துக்கு எழுத வேண்டியிருந்தது.

இந்த நடையின் பலம் சுருக்கத்தில் இருப்பதாகப் பலரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பலம் அது தரும் உறுதிமொழியில் இருக்கிறது. ஃபில்டர் என்ற சொல்லைக் கண்டதும், உள்ளே என்ன நிபந்தனை என்று பார்க்கும் முன்பே, சிலவற்றை நம்பிவிடலாம்: வெளிவரும் பட்டியல் உள்ளே போனதைவிட நீளாது, வருபவை எல்லாம் ஏற்கெனவே இருந்தவை, அவற்றின் முன்பின் மாறாது. மேப் என்றால் எத்தனை உள்ளே போயினவோ அத்தனையே வெளியே வரும், நான்காவது நான்காவதாகவே இருக்கும். மழைப் பதிவுகளையும் தேதிகளையும் இரண்டு தனிப் பட்டியல்களாக வைத்திருப்பவருக்கு இந்த உறுதி பெரிய விஷயம். மேப் செய்த பிறகும் தேதியும் மழையும் பொருந்தி நிற்கும். ஃபில்டர் செய்தால் நிற்காது. அப்படிப் பிரிந்துவிடும் இடம் எது என்று ஒரு சொல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஃபார் லூப்பைப் படிப்பவர் கடைசி வரி வரை வந்தால்தான் இதைச் சொல்ல முடியும். அதற்குள் யாராவது நடுவில் ஐ மாறியைக் கூட்டியிருக்கலாம், மூலப் பட்டியலிலேயே எதையாவது மாற்றியிருக்கலாம்.

ஆனால் ஃபார் லூப்பில் ஓர் இஃப் எழுதினால், எல்ஸ் எங்கே என்ற கேள்வி கூடவே எழும். எழுதாமல் விட்டாலும் விட்ட இடம் கண்ணில் படும். ஃபில்டரில் எல்ஸ் என்ற இடமே கிடையாது.

இதன் விளைவை மழைக் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை மழைநாளாகக் கணக்கிடும். மழைநாட்களை ஒரு ஃபில்டராலும் மற்ற நாட்களை இன்னொரு ஃபில்டராலும் பிரிக்கிறோம்: ஒன்றில் 2.5க்குக் குறையாதது, மற்றதில் 2.5க்குக் குறைந்தது. பள்ளிக்கூடக் கணக்குப்படி எந்த எண்ணும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் வந்தாக வேண்டும். நம்பரால் எண்ணாக்கிய நம் ஏழு பதிவுகளில் முதல் பட்டியலுக்கு மூன்று போகின்றன, இரண்டாவதற்கு மூன்று. ஆறுதான். ஏழாவது எங்கே? நேனைப் பெரியதா, சிறியதா, சமமா என்று எதனோடு ஒப்பிட்டாலும் பொய் என்றே விடை வரும்: 2.5ஐவிடப் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை, தனக்கே சமமும் இல்லை. இரண்டு ஃபில்டர்களின் நடுவே விழுந்துவிட்டது. மிதவைப்புள்ளி எண்களுக்கான ஐஈஈஈ 754 தரநிலை வகுத்த நடத்தை இது, பெரும்பாலான மொழிகளில் உள்ளது. ஜாவாஸ்கிரிப்டின் தனிக் குறை என்னவென்றால், நேன் பிறக்கும்போது எந்தச் சத்தமும் கேட்காது. 'ட்ரேஸ்' என்ற சொல்லை எண்ணாக்கச் சொன்னால் பைத்தான் அங்கேயே நின்று பிழை எறியும். ஜாவாஸ்கிரிப்ட் நேனைக் கையில் கொடுத்து மேலே நடக்கச் சொல்லும்.

இன்னொரு விநோதம். மேலே சொன்ன பிரிப்பு, பதிவுகளை எண்ணாக்காமல் ஸ்ட்ரிங்குகளாகவே விட்டிருந்தாலும் அப்படியே நடந்திருக்கும். பெரியது சிறியது என்று ஒப்பிடும்போது மறுபக்கம் எண் இருந்தால் மொழி தானாகவே ஸ்ட்ரிங்கை எண்ணாக்கிக்கொள்ளும். ஃபில்டர் சரியாக வேலை செய்வதைப் பார்த்த நிரலர், தரவு எண்களாகவே இருப்பதாக நம்பிவிடுகிறார். அடுத்த கண்ணியில் ரெட்யூஸ் கூட்டலுக்கு வருகிறது. கூட்டல் குறிக்கு ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் கூட்டாது, ஒட்டும். பூஜ்ஜியத்தில் தொடங்கி 12.4, 2.5, 31 மூன்றையும் சேர்த்தால் வரும் விடை 012.42.531. ஃபில்டர் மட்டும் இருந்திருந்தால் குறை வெளியே தெரிந்தேயிருக்காது. சங்கிலியில் ஒரு கண்ணி இன்னொரு கண்ணியின் குறையை மூடிவைக்கிறது. இதையாவது திரையில் கண்டதும் ஏதோ கோளாறு என்று புரியும். 9.3 அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது.

அடுத்து, பட்டியலை வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கு வருவோம். நம் வாரத்தில் எண்ணாகவே பதிவானவை ஐந்து: 12.4, 0, 2.5, 31, 0.6. இவற்றின் இடைநிலை மதிப்பு வேண்டுமென்றால் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். எண்களாக அடுக்கினால் 0, 0.6, 2.5, 12.4, 31, நடுவில் 2.5. சார்ட் என்று மட்டும் எழுதி அடைப்பைக் காலியாக விட்டால், ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வோர் எண்ணையும் ஸ்ட்ரிங்காக்கி அகராதிபோல அடுக்கும்: 0, 0.6, 12.4, 2.5, 31. நடுவில் 12.4. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வித்தியாசம். ஓர் அர்ரேயில் எண்ணும் எழுத்தும் கலந்து இருக்கலாம் என்னும்போது, எல்லாவற்றையும் எழுத்தாக்கி ஒப்பிடுவது 1996இல் சுலபமான ஏற்பாடாகத் தெரிந்திருக்கலாம். இன்று அதை மாற்ற முடியாது. பழைய தளங்கள் உடைந்துவிடும் என்பது இந்த மொழியின் நிரந்தரக் கவலை. 2018இல் ஃபிளாட்டன் என்ற புதிய மெத்தடைச் சேர்க்கப்போனபோது மூட்டூல்ஸ் என்ற பழைய நூலகத்தோடு மோதி, பெயரை ஃபிளாட் என்று சுருக்க வேண்டியதாயிற்று. ஆனால் 2023 பதிப்பில் டூசார்ட்டட் என்ற புத்தம் புதிய மெத்தட் வந்தது. மூலப் பட்டியலைக் கலைக்காமல் அடுக்கப்பட்ட நகலைத் தருவது அது. பழையதன் பெரிய குறை ஒன்று அதனால் தீர்ந்தது. அகராதி வரிசையை மட்டும் அப்படியே சுமந்துகொண்டு வந்தது. இதுவும் சார்ட்டைப்போலவே நடக்கும் என்ற எதிர்பார்ப்பை மதித்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். கை நழுவிய வாய்ப்பு என்றுதான் நான் சொல்வேன். இதில் வேடிக்கை, ஒரே வகை எண்களை மட்டும் வைக்கும் டைப்டு அர்ரேக்களில் சார்ட் எண்ணாகவே அடுக்குகிறது. அதாவது ஒரே சொல்லுக்கு ஒரே மொழியில் இரண்டு நடத்தை.

நேர்காணல்களில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த பார்ஸ்இன்ட் புதிரை நீட்ட வேண்டியதில்லை. 10, 10, 10 என்ற மூன்று ஸ்ட்ரிங்குகளை மேப்புக்குள் பார்ஸ்இன்ட்டைப் போட்டு எண்ணாக்கினால் 10, நேன், 2 என்று வரும். மேப் தன் கால்பேக்குக்கு, அதாவது தனக்குள் போட்ட ஃபங்ஷனுக்கு, மதிப்போடு அதன் இட எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது; பார்ஸ்இன்ட் அந்த இரண்டாவதை எண்ணடிமானமாக எடுத்துக்கொள்கிறது. முதல் இடத்தின் எண் 0 என்பதால் வழக்கமான பத்தடிமானம். அடிமானம் 1 என்று ஒன்று கிடையாது. அடிமானம் 2இல் 10 என்றால் இரண்டு. நம்பரும் பார்ஸ்ஃப்ளோட்டும் ஒரே உள்ளீட்டை மட்டும் பார்ப்பதால் இந்தச் சிக்கல் அவற்றுக்கு இல்லை. நடைமுறையில் இதைவிட அதிகம் கடிக்கக்கூடியது காற்புள்ளி. நம் ஊர்க் கணக்கில் 1,24,500 என்று எழுதியிருப்பதை பார்ஸ்ஃப்ளோட்டிடம் கொடுத்தால் முதல் காற்புள்ளியில் நின்று 1 என்று விடை சொல்லும். நேன் ஆகியிருந்தாலாவது ஃபில்டரில் அகப்பட்டிருக்கும். ஒரு லட்சத்துச் சொச்சம் ஒற்றை ரூபாயாகி, சுத்தமான எண்ணாக எல்லாச் சோதனைகளையும் கடந்துபோகும்.

ஜாவாஸ்கிரிப்டின்மேல் வகைச் சோதனையைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் வந்த பிறகு இந்தக் கவலைகள் தீர்ந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. பாதி தீர்ந்தது உண்மை. எண்ணுக்கான இடத்தில் ஸ்ட்ரிங் வந்தால் அது தடுக்கும், 012.42.531 போன்ற விபத்து, தரவு நுழையும் இடத்தில் வகையை நேர்மையாகக் குறித்திருந்தால் நடக்காது. 2024இல் வந்த 5.5 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது: 'நல்' மதிப்புகளை ஃபில்டர் கழித்துவிட்டது என்பதை அதுவே ஊகித்து, எஞ்சியவை எண்கள் மட்டுமே என்று புரிந்துகொள்கிறது. அதற்கு முன் அதை நிரலர்தான் கையால் எழுதிக்காட்ட வேண்டும். ஆனால் நேனும் டைப்ஸ்கிரிப்டுக்கு எண் வகைதான். அளவெடுக்காத நாளின் பூஜ்ஜியமும் மழை பெய்யாத நாளின் பூஜ்ஜியமும் அதற்கு ஒன்றுதான். பார்ஸ்இன்ட் புதிரைக்கூட அது மறுப்பில்லாமல் அனுமதிக்கிறது. வகைப் பாதுகாப்பு தரவின் உருவத்தைக் காக்கும். ஒரு நாளைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்ற முடிவை எந்தக் கம்பைலரும் எடுக்காது.

இந்த நடையின் குறைகளில் மிக மோசமானது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அசிங்க் ஃபங்ஷனை ஃபில்டருக்குள் போடுவதைச் சொல்வேன். ஒவ்வோர் எண்ணையும் ஒரு சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்பேக்கின் முன்னால் அசிங்க் என்று சேர்த்ததும் அது உண்மையோ பொய்யோ தராது, ப்ராமிஸ் ஒன்றைத் தரும். ப்ராமிஸ் ஓர் ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட் எதுவும் ஜாவாஸ்கிரிப்டுக்கு உண்மைதான். எனவே ஃபில்டர் எதையும் கழிக்காது, எல்லா எண்களும் தேறிவிடும். நிபந்தனை சரியாக எழுதப்பட்டிருக்கும், சர்வரும் சரியாகவே பதில் சொல்லும். அந்தப் பதிலுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். இதற்கு நேர் எதிரான விபத்து நெளிவடைப்பு போட்டுவிட்டு ரிட்டர்னை மறப்பது. அப்போது கால்பேக் அன்டிஃபைன்டு தரும், ஃபில்டர் எல்லாவற்றையும் கழித்துவிடும். காலிப் பட்டியல் வந்தால் யாராவது கவனிப்பார்கள், நிரலைச் சோதிக்கும் இஎஸ்லின்ட்டில் இதைப் பிடிப்பதற்கென்றே ஒரு விதியும் உண்டு. எல்லாம் தேறிய பட்டியலை யார் சந்தேகப்படுவார்கள்?

ரெட்யூஸைப் பற்றி. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் 2005இல், வரவிருந்த மூன்றாம் பதிப்பிலிருந்து மேப், ஃபில்டர், லாம்டாவோடு ரெட்யூஸையும் நீக்கிவிடலாம் என்று எழுதினார். கூட்டலும் பெருக்கலும் தவிர ரெட்யூஸ் எங்கே வந்தாலும், என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள அவருக்குத் தாளும் பேனாவும் தேவைப்பட்டதாம். மற்றவை பிழைத்துக்கொண்டன, ரெட்யூஸ் மட்டும் 2008இல் மைய மொழியிலிருந்து ஒரு துணைத் தொகுப்புக்குக் குடிபெயர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டில் அப்படி யாரும் அதை வெளியேற்றவில்லை. அதனால் அதைக் கொண்டு எண்ணிக்கை எடுப்பது, குழு பிரிப்பது, ஆப்ஜெக்ட் கட்டுவது, ப்ராமிஸ்களைக் கோப்பது என்று எல்லாம் செய்கிறார்கள். ஃபில்டரும் மேப்பும் தரும் உறுதிமொழி எதையும் ரெட்யூஸ் தருவதில்லை. வெளியே எண் வரலாம், அர்ரே வரலாம், எதுவும் வரலாம். உண்மையில் அது மாறுவேடம் போட்ட ஃபார் லூப். தொடக்க மதிப்பு கொடுக்காமல் காலிப் பட்டியலில் ஓட்டினால் பிழை எறியும்; மழையே பதிவாகாத மாதத்தில் திரை வெள்ளையாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய பட்டியலை மூன்று புள்ளியால் விரித்து, ஒன்றைச் சேர்த்து, புதுப் பட்டியல் செய்வது இன்னொரு பழக்கம். எதையும் மாற்றக் கூடாது என்ற தூய்மை ஆசையில் பிறந்தது. ஆயிரம் எண்களுக்கு அது நகலெடுக்கும் இடங்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம். கூட்டுத்தொகைக்கு ரெட்யூஸை நான் ஏற்பேன். அதற்கு மேல் சிக்கலான எதற்கும் ஃபார்-ஆஃப் லூப் நேர்மையானது. தான் லூப் என்பதை அது மறைக்கவில்லை.

வேகத்தைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் வீண். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு முழுச் சுற்று ஓடி ஒரு புது அர்ரேயை உண்டாக்குகிறது என்பது உண்மை. ஓராண்டின் தினசரி மழைக்கு, 365 எண்களுக்கு, அதை யாரும் உணரப்போவதில்லை. உணரும் இடங்கள் வேறு. 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படத்தை கேன்வாஸிலிருந்து எடுத்தால் புள்ளி ஒன்றுக்கு நான்கு எண்களாக 82,94,400 எண்கள் வரும். அதன்மேல் இரண்டு மேப் ஓட்டினால் அதே அளவில் இன்னும் இரண்டு அர்ரேக்கள் நினைவகத்தில் முளைக்கும். விநாடிக்கு அறுபது முறை அப்படிச் செய்யச் சொன்னால் லூப்பைத் தேடி ஓட வேண்டியதுதான். இங்கே எண்களின் வகையும் குறுக்கே வரும். எட்டு பிட் டைப்டு அர்ரேயில் 200ஐ மேப் கொண்டு இரட்டித்தால் 400 கிடைக்காது, 144 கிடைக்கும். மேப் தருவதும் எட்டு பிட் அர்ரேதான், 255ஐத் தாண்டியது சுற்றிக்கொண்டு வரும். கேன்வாஸ் தரும் கிளாம்ப்டு வகையில் அதுவே 255இல் நின்றுவிடும். மாத்.மேக்ஸுக்குள் மூன்று புள்ளியால் முழு அர்ரேயையும் விரிக்கும் வழக்கமும் சின்னப் பட்டியலுக்குத்தான். பட்டியல் பல லட்சமானால் ஸ்டாக் நிரம்பி நிரல் விழும். பட்டியல் காலியானால் விழாது, அதைவிட மோசமாக, எதிர்முடிவிலி என்று ஒரு 'அதிகபட்ச மழை'யைச் சொல்லும்.

குரோமிலும் நோடிலும் ஓடும் வீ8 எஞ்சின் எண்களுக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறது. சிறு முழு எண்கள் மட்டும் உள்ள அர்ரே, தசம எண்கள் உள்ள அர்ரே, எதுவும் இருக்கக்கூடிய அர்ரே என்று உள்ளுக்குள் வகை பிரித்து, முதல் இரண்டையும் இறுக்கமாகச் சேமிக்கும். ஓர் அன்டிஃபைன்டு நுழைந்தால் அர்ரே மூன்றாம் வகைக்கு இறங்கும்; இறங்கியது ஏறாது. ஆகவே காலிக் கட்டங்களை மேப் செய்யும்போதே அன்டிஃபைன்டாக்கி, பின்னால் கழித்துக்கொள்ளலாம் என்பது வேகத்துக்கும் நல்லதல்ல. அதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வேகத்துக்காக எண்ணாக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பவரும் கணக்கு பிசகாமல் இருக்க அதைச் சுத்தமாக வைத்திருப்பவரும் எழுதும் நிரல் ஒன்றுபோலவே இருக்கும். தேவையற்ற இடை அர்ரேக்கள் என்ற குறைக்கு 2025 பதிப்பின் இட்டரேட்டர் துணை மெத்தடுகள் விடை தருகின்றன. அவற்றின் ஃபில்டரும் மேப்பும் கேட்கும்போது மட்டும் ஒவ்வோர் எண்ணாகத் தரும். முதல் பத்து மழைநாட்கள் போதும் என்றால் பத்தாவதோடு நின்றுவிடும். அர்ரேயின் ஃபில்டருக்கு நடுவில் நிற்கத் தெரியாது.

விழுந்ததன் கணக்கு என்ற என் குறைக்கு நெருக்கமான மருந்து 2024 பதிப்பில் வந்தது: ஆப்ஜெக்ட்.குரூப்பை. இதுவும் அர்ரேயின் மெத்தடாகவே பிறந்திருக்க வேண்டியது, பழைய தளங்களோடு மோதியதால் வெளியே போய் நின்றது. அதன் கால்பேக் உண்மை, பொய் என்று சொல்வதில்லை, ஒரு பெயர் சொல்கிறது. நம் வாரத்தை அதனிடம் கொடுத்து, வெற்றுக் கட்டம் என்றால் 'அளவில்லை', ட்ரேஸ் என்றால் 'தூறல்', எண்ணாகாத வேறெதுவும் 'புரியவில்லை', 2.5க்குக் குறையாதது 'மழைநாள்', மீதி 'மற்றவை' என்று எழுதினால், ஏழும் ஏதோ ஒரு பெயரின் கீழ் வந்தே ஆக வேண்டும். எதுவும் இடையில் விழாது. கட்டங்களின் நீளங்களைக் கூட்டினால் ஏழு வருகிறதா என்று பார்க்கலாம், வரும். சராசரிக்கு எந்தெந்தக் கட்டங்களைச் சேர்க்கிறோம் என்பது அடுத்த வரியில் பெயரோடு நிற்கும். நிரல் தெரியாத வானிலைக்காரர்கூடப் படித்துவிட்டு, தூறலை ஏன் விட்டீர்கள் என்று கேட்கலாம். ஃபில்டர், பூலியன் என்று எழுதிய வரியைப் பார்த்து அவரால் அப்படிக் கேட்க முடியாது.

நீளமாகத்தான் இருக்கும். மூன்று சொல்லில் முடிந்தது எட்டு வரியாகும். கால்பேக்கில் கிளைகள் வரும், அவற்றின் வரிசையும் முக்கியமாகும்: வெற்றுக் கட்டத்தை முதலில் பார்க்காமல் எண்ணாக்கத்தை முதலில் செய்தால் பழைய பூஜ்ஜியம் மறுபடி உள்ளே வரும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் குரூப்பை சத்தமில்லாமல் புதுக் கட்டம் ஒன்றைத் திறந்துகொள்ளும். ஒரு கட்டத்தில் எதுவுமே விழாவிட்டால் அந்தப் பெயரே இருக்காது, அதன் நீளத்தைக் கேட்டால் பிழை வரும். எல்லா இடத்துக்கும் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட எண்களில் 2.5க்குக் குறையாததைப் பொறுக்க ஃபில்டர் போதும், அதைவிடத் தெளிவாக எழுதவும் முடியாது. வெளியிலிருந்து வரும் எண்கள் முதன்முதலில் நிரலுக்குள் காலெடுத்து வைக்கும் அந்த ஓர் இடத்தில் மட்டும் எட்டு வரிக்குச் சம்மதிப்பேன்.